உங்கட காருக்குக் கீழ ஓடுறது ஃபிரிட்ஜ் பைப்பா?

"பிறேக் வேலையில மட்டும் கை வைக்காத, அது பாஸ்மார் பாக்கிற வேலை."

எங்கள் ஒழுங்கையில் இதை என்னிடம் சொல்லாத ஆளே இல்லை. சொன்னவர்களிடம் நான் திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: உங்கட காரில பிறேக் ஒயில் ஓடுற குழாய் என்ன உலோகம்? ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு அண்ணை மட்டும், "இரும்பு தானே" என்றார். இரண்டு பேரும் குனிந்து, பின் சில்லுக்குப் போகும் குழாயில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்து, பிளேட்டால் லேசாகச் சுரண்டிப் பார்த்தோம். சிவப்பு. செம்பு. ஃபிரிட்ஜ் திருத்துகிறவர்கள் சுருளாக வாங்குகிற அதே செம்புக் குழாய்.

அந்த அண்ணை பிறேக் வேலையில் ஒரு நாளும் கை வைத்ததில்லை. கராஜில் கொடுத்து, காசும் கொடுத்து, கவலை இல்லாமல் ஓடித் திரிகிறார்.

இதுதான் எனக்கும் இவர்களுக்கும் உள்ள சண்டை. வேலை எங்கே நடந்தது, ஆர் செய்தது என்று கேட்கிறார்கள். என்ன குழாய் போட்டது, அதன் வாயை எந்தக் கருவியால் விரித்தது என்று கேட்பதில்லை. காரை நிப்பாட்டப் போவது குழாயும் அதன் வாயும்தான். கராஜின் பெயர்ப்பலகை வந்து நிப்பாட்டாது.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் இறங்கி வருகிற வீதி. அங்கே மான்களுக்குத்தான் முதலுரிமை என்று திருகோணமலையில் பிறந்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. மர நிழலில் படுத்திருந்த ஒன்று எழும்பி, ஆறுதலாக வீதிக்கு வந்தது. அப்பா பிறேக்கை மிதித்தார். பெடல் வழமையாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. கீழே போனது. இன்னும் போனது. கிட்டத்தட்டத் தரையைத் தொடப்போன இடத்தில் ஏதோ பிடித்தது. கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், மானுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மான் எங்களை ஒருக்கா பார்த்துவிட்டுப் போய்விட்டது. பின் சீட்டில் இருந்த அம்மம்மா "கோணேசா" என்றா. அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. அப்பா முதலாம் கியரில் ஊர்ந்தே கொண்டுவந்து சேர்த்தார். அப்படிக் கொண்டுவந்ததும் பிழைதான். அந்த இடத்திலேயே விட்டிருக்க வேண்டும்.

அம்மம்மாவைப் பொறுத்தவரை காரை நிப்பாட்டியது கோணேசர். அவருடைய பங்கைக் குறைக்காமல் மற்றப் பங்கைச் சொல்கிறேன். எங்களுடையது 1996ஆம் ஆண்டு கொரோலா. அந்தக் காரில் பிறேக் ஒயில் இரண்டு தனித்தனிச் சுற்றாக ஓடுகிறது, குறுக்காக: முன் வலதும் பின் இடதும் ஒன்று, முன் இடதும் பின் வலதும் மற்றது. ஒரு சுற்று உடைந்து ஒயில் ஓடிவிட்டால் பெடல் பாதாளம் வரை போகும், ஆனால் மற்றச் சுற்று பிடிக்கும். எங்களுக்கு உடைந்தது பின் இடது சில்லுக்குப் போகிற குழாய். முன்பக்கத்தில் இடது சில்லு மட்டும் பிடித்ததால்தான் கார் இடப்பக்கம் இழுத்தது. பாதிப் பிறேக்கில் தப்பினோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், நட்டுக்குள் போகிற இடத்தில், குழாயின் விரித்த வாய் வெடித்திருந்தது. தலைமயிர் அளவு வெடிப்பு. மூன்று வருஷத்துக்கு முதல் கராஜ் ஒன்றில் போட்ட குழாய் அது. "செம்பு போட்டிருக்கிறன், இனித் துருப்பிடிக்காது" என்று சொல்லித்தான் போட்டார்கள். உண்மைதான், துருப்பிடிக்கவே இல்லை.

கப்பல் திருத்துகிற வேலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர் எங்களுக்கு இருக்கிறார். அந்தத் துண்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு செப்புக் கம்பியை எடுத்து என் கையில் தந்து, "வளை" என்றார். வளைத்தேன். "நிமித்து." நிமிர்த்தினேன். "திரும்ப வளை." முதல் தடவை வெண்ணெய் மாதிரி வளைந்த கம்பி நாலாம் ஐந்தாம் தடவை முரண்டு பிடித்தது. பிறகு கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் உடைந்து கையோடு வந்தது. "உன்ர கார் ஓடேக்க அந்தப் பைப் ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஆடுது எண்டு நினைக்கிறாய்?" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். வெறும் செம்பு மெதுவானது. ஆட ஆட இறுகும், இறுகினால் வெடிக்கும். இஞ்சின் அதிர்வு, குழி விழுந்த வீதி, சில்லின் குலுக்கல் என்று காருக்குக் கீழே ஆட்டத்துக்குக் குறைவில்லை. அதோடு உள்ளே இருக்கிற அழுத்தத்தையும் யோசியுங்கள். ரயருக்கு நாங்கள் அடிக்கிற காற்று 30 பி.எஸ்.ஐ. சொச்சம். அவசரத்துக்கு ஏறி மிதிக்கிறபோது பிறேக் குழாய்க்குள் ஏறுவது 1000 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். அதாவது குழாய் உடைவதென்றால், அதிகம் உடையப்போவது நீங்கள் மெதுவாக மிதிக்கிற நேரத்தில் அல்ல. மான் குறுக்கே வருகிற நேரத்தில்.

பாஸ்மாரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் ஏன் செம்புக்குப் போனார்கள் என்று எனக்கு விளங்குகிறது. கொம்பனி போட்டு விடுவது இரும்புக் குழாய், மேலே ஒரு பூச்சு. அந்தப் பூச்சு ஒரு இடத்தில் உரசுப்பட்டால் போதும். எங்கள் ஊரில் மூன்று பக்கமும் கடல். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியில் கூட உப்புப் பிசுபிசுக்கும். உட்துறைமுக வீதியில் நிப்பாட்டுகிற கார்களின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தால் அழுகை வரும். இதற்கு மேல் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகும் அந்த வரியோடு ஆர் வாங்குகிறது? ஆகவே என்னைவிட வயது கூடின கார்கள்தான் ஓடுகின்றன, இன்னும் ஓடும். அளவாக வளைத்த ஒரிஜினல் குழாய் எல்லாக் காருக்கும் கிடைக்காது. வாடிக்கையாளர் பின்னேரத்துக்குள் கார் வேண்டும் என்கிறார். பக்கத்துக் கடையில் செம்புச் சுருள் தொங்குகிறது. கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது. பாஸ் வேறென்ன செய்வார்?

உப்பு இரும்புக் குழாயைத் தின்பது எங்களுக்கு மட்டும் வந்த கேடு இல்லை. அமெரிக்காவில் பனி உருக்க வீதியில் உப்புக் கொட்டுகிற மாநிலங்களில், 1999 முதல் 2003 வரையான ஜெனரல் மோட்டர்ஸ் பிக்கப் வாகனங்களின் பிறேக் குழாய்கள் துருப்பிடித்து உடைந்து, அரசாங்கம் விசாரணை நடத்தியது. 2015இல் அந்த விசாரணை எப்படி முடிந்தது தெரியுமா? இது தயாரிப்புப் பிழை இல்லை, பழசாகிப் போனதால் வந்த துரு. கொம்பனி திருப்பி எடுக்கத் தேவையில்லை. சொந்தக்காரர் காரின் அடியைக் கழுவி, குழாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அவ்வளவு பெரிய நாட்டிலேயே கடைசியில் "நீயே குனிஞ்சு பார்" என்றுதான் சொன்னார்கள்.

இப்ப லண்டன் மாமாவிடம் வருவோம். இந்தக் கதையைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டதும் அவர் உடனே குரல் பதிவு அனுப்பினார்: "இஞ்ச கடையிலேயே செம்பு பிறேக் பைப் விக்கிறாங்கள் பிள்ளை, எத்தினை வருஷமா எல்லாரும் போடுறாங்கள், நீ என்ன புதுசாச் சொல்லுறாய்?"

மாமா சொல்வது உண்மை. இங்கிலாந்தில் செம்பு பிறேக் குழாய் விற்கிறது, சட்டத்துக்குப் புறம்பும் இல்லை. இந்தப் பக்கத்து வாதத்தில் ஆகப் பலமானது இதுதான் என்பதால் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்கிறேன். முதலாவது, அங்கே விற்பது பிறேக்குக்கென்றே அளவும் தரமும் எழுதி விற்கிற குழாய், அதன் வாயையும் பிறேக்குக்குரிய முறையில்தான் விரிக்கிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம். மூன்று வயதான காரிலிருந்து அங்கே ஒவ்வொரு வருஷமும் எம்.ஓ.ரி. பரிசோதனை. காரைத் தூக்கி, கீழே லைற் அடித்து, பிறேக் குழாயை ஒருவர் கண்ணால் பார்க்கிறார். கெட்டுப்போயிருந்தால் கார் வீதிக்கு வரேலாது. எங்களிடம் என்ன இருக்கிறது? தனியார் காருக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்கிறோம். சைலன்சருக்குள் குழாயை விட்டு மணந்து பார்த்துவிட்டு ரசீது தருகிறார்கள். பிறேக் பிடிக்குதா என்று கேட்க ஆளில்லை. எங்கட கொரோலா வெடித்த குழாயோடு அந்த வருஷப் புகைப் பரிசோதனையில் நல்ல மதிப்பெண்ணோடு பாஸ். மாமாவின் செம்புக்குப் பின்னால் ஒரு சோடிக் கண் காவல் இருக்கிறது. எங்கட செம்புக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

சரி, அப்ப எதைப் போடுவது?

பெரியப்பா யோசிக்காமல் சொன்னது குப்ரோ நிக்கல். செம்பில் கிட்டத்தட்டப் பத்து வீதம் நிக்கல், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மங்கனீசு. அவருக்கு இது காரில் பழக்கமானது இல்லை, கப்பலில் பழக்கமானது. கப்பலுக்குள் கடல்நீர் ஓடுகிற குழாய்களுக்கு உலகம் முழுக்க இந்தக் கலவையைத்தான் போடுகிறார்கள். துறைமுகத்தில் வந்து நிற்கிற கப்பலின் வயிற்றுக்குள் கடல்நீரையே தாங்குகிற உலோகம் எங்கட உப்புக்காற்றைத் தாங்காதா? வொல்வோ இதை 1970களிலேயே தன் கார்களின் பிறேக்குக்குக் கொண்டுவந்துவிட்டது. இரும்பைப் போல் துருவாது, வெறும் செம்பைப் போல் ஆட்டத்துக்கு வெடிக்காது, கையாலேயே வளைக்கலாம். வீட்டு வேலைக்கு இதைவிடத் தோதான ஒன்று இல்லை. பூச்சுப் பூசிய இரும்பும் நல்லதுதான், ஆனால் வளைக்கக் கருவி வேண்டும், வாய் விரிக்க இன்னும் பலம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் பக்கம் வீட்டில் போகவே வேண்டாம். அது இறுக்கமான உலோகம், சாதாரணக் கருவியில் விரித்தால் வாய் கீறிக்கொள்ளும்.

மச்சான் ஒருவன் கொழும்பில் இருக்கிறான், பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கி அனுப்பச் சொன்னோம். முதல் ஏறின கடையில் செம்புச் சுருளை எடுத்து வைத்து "எல்லாம் ஒண்டுதான் தம்பி" என்றார்களாம். ஒண்டில்லை. சுரண்டிப் பாருங்கள். செம்பு சிவக்கும், குப்ரோ நிக்கல் வெளிறின, வெள்ளி கலந்த நிறம் காட்டும். காந்தம் ஒட்டினால் அது மேலே செம்பு பூசிய இரும்பு. எங்கட காருக்கு வேண்டியது 4.75 மில்லிமீற்றர், பழைய கணக்கில் அங்குலத்தில் 16இல் 3 பங்கு. ஒரு சுருள் 25 அடி.

நல்ல குழாய் வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நானும் நினைத்தேன். முடியவில்லை. எங்கட பழைய குழாய் வெடித்தது நடுவில் இல்லை, வாயில். நட்டு இறுக்குகிறபோது ஒயில் கசியாமல் அமர்வதற்குக் குழாயின் முனையைப் புனல் மாதிரி விரிப்பதைத்தான் பிளெயார் என்கிறார்கள். ஃபிரிட்ஜ் வேலைக்காரர் ஒரு தடவை விரித்துவிட்டு விடுவார். அது சிங்கிள் பிளெயார். பிறேக்குக்கு அது காணாது. விரிந்த உலோகம் மெலிந்துபோகும், அங்கேதான் கீறும். பிறேக்குக்கு முனையை முதலில் உள்ளே மடித்து, பிறகு விரிக்க வேண்டும். இரண்டு படை உலோகம். அதுதான் டபிள் பிளெயார், பெரும்பாலான ஜப்பான் கார்களில் இருப்பது. ஐரோப்பிய கார்களில் குமிழ் மாதிரி முன்தள்ளிய பபிள் பிளெயார். ஒன்றின் இடத்தில் மற்றது அமராது. இறுக்கினால் அமர்ந்த மாதிரி நடிக்கும். ஆகவே கழட்டின பழைய முனை எப்படி இருக்கிறது என்று பார்த்து அதே மாதிரிச் செய்ய வேண்டும். கராஜில் அவசரத்துக்குப் போட்ட முனையைப் பார்த்து அல்ல, கொம்பனி விட்ட முனையைப் பார்த்து. எங்களுக்கு முன் சில்லுக்குப் போகிற குழாய் இன்னும் ஒரிஜினலாக இருந்தது, அதைப் பார்த்துத்தான் செய்தோம்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் இந்தக் கருவி. கடைகளில் மலிவாகக் கிடைக்கிற, இரண்டு சட்டத்துக்கு நடுவே குழாயைக் கவ்வி மேலிருந்து திருகுகிற செற்றில் முதலில் முயன்றேன். குழாய் வழுக்கியது. கூம்பு ஒரு பக்கம் சாய்ந்து இறங்கியது. ஏழு வாய் செய்தேன், ஏழும் குப்பை. ஒன்று கோணல், ஒன்றில் கீறல், மூன்று சாய்வு. மிச்ச இரண்டும் நல்லாத்தான் வந்தது, ஆனால் விரித்து முடிந்த பிறகுதான் நட்டைக் குழாயில் போட மறந்தது தெரிந்தது. (சிரிக்காதீர்கள், நீங்களும் மறப்பீர்கள்.) பிறகு பெரியப்பா தன் பழைய சினேகிதரிடம் இருந்து பெஞ்ச் வைஸில் பூட்டி, கைபிடியை இழுத்தால் அச்சு நேராக வந்து அமுக்குகிற கருவியை இரவல் வாங்கி வந்தார். முதல் வாயே வட்டமாக, நடுவாக, பளிச்சென்று வந்தது. அன்றைக்கு எனக்கு விளங்கினது, நான் வேலை பழகாததால் மட்டும் பிழைத்த ஏழு வாய் இல்லை அது. பிறகு அதே மாதிரி ஒன்றை நாங்களும் வாங்கினோம். குழாய், நட், கருவி எல்லாம் சேர்த்து இரண்டு புது ரயர் விலைக்குக் கிட்ட வந்தது.

மற்றக் கருவிகளுக்கு இவ்வளவு கதை இல்லை. குழாயை ஹெக்சோவால் அறுக்க வேண்டாம், சின்ன உருளை வைத்த பைப் கட்டர் வாங்குங்கள், முனை நேராக வரும். வெட்டிய பிறகு உள்விளிம்பின் பிசிறை எடுத்து, தூள் உள்ளே நில்லாமல் ஊதிவிட வேண்டும். பழைய நட்டைக் கழட்டச் சாதாரண ஸ்பனரைப் போட்டால் துருப்பிடித்த நட்டின் மூலை உருண்டுவிடும். நட்டை ஐந்து பக்கமும் கவ்வுகிற பிளெயார் நட் ஸ்பனர் என்று ஒன்று இருக்கிறது, எங்களுக்கு 10 மில்லிமீற்றர். வளைக்க நான் பாவித்தது சோடாப் போத்தல்.

நட்டில் ஒரு பொறி இருக்கிறது, அதை மட்டும் சொல்ல வேண்டும். எங்கட காரில் இருப்பது 10 மில்லிமீற்றர் விட்டம், 1 மில்லிமீற்றர் புரி. அமெரிக்க அளவில் அங்குலத்தில் 8இல் 3 பங்கு விட்டம், அங்குலத்துக்கு 24 புரி என்று ஒரு நட் வரும். அது 9.5 மில்லிமீற்றர், புரி 1.06. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓட்டைக்குள் இரண்டு மூன்று சுற்றுப் போகும், பிறகு இறுகும், நீங்கள் "சரி, இறுகிட்டுது" என்று நினைப்பீர்கள். பழைய நட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வெடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, தண்ணிக் குழாய்க்குப் போடுகிற பித்தளை வளைய மூட்டுப் போடுகிறவர்கள் உண்டு. றப்பர் ஹோஸை மாட்டி கிளிப் இறுக்குகிறவர்களும் உண்டு, சத்தியமாய்ப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வாதம் இல்லை, அவர்களுடைய காரில் ஏறமாட்டேன், அவ்வளவுதான்.

ஒயிலும் கிட்டத்தட்ட அதே கதை. மூடியில் டொட் 3 என்றிருந்தால் டொட் 3, அல்லது டொட் 4. "ஒயில்தானே" என்று இஞ்சின் ஒயிலை விட்டால் உள்ளே இருக்கிற றப்பர் எல்லாம் ஊதிப்போகும், முழு பிறேக்கையும் கழட்ட வேண்டி வரும். பிறேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். புதிய டொட் 3 ஆகக் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். எங்கட ஊர்க் காற்றில் அரைவாசி விட்டு மூடி வைத்த போத்தலைப் போன வருஷத்து மிச்சம் என்று எடுத்து ஊற்றாதீர்கள்.

எல்லோரும் நாளைக்கே காருக்குக் கீழே படுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஏ.பி.எஸ். உள்ள காரில் காற்று எடுக்கச் சில மொடல்களுக்குக் கம்பியூட்டர் வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஜக்கில் மட்டும் தூக்கிவிட்டு, அல்லது சீமெந்துக் கல்லை அடுக்கிவிட்டுக் கீழே போகிறவர் பிறேக்கால் சாகமாட்டார், அதற்கு முதலே போய்விடுவார். ஜக் ஸ்ராண்ட் இல்லாத வீட்டில் இந்த வேலை வேண்டாம். முடித்த பிறகு, இஞ்சின் ஓட ஒருவர் பெடலை முழுப் பலத்தோடு அமத்திப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு நட்டையும் வெள்ளைக் கடதாசியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் கார் முற்றத்தை விட்டு வெளியே போகக்கூடாது. எங்களுக்கு ஒரு இடத்தில் தெரிந்தது. அந்த வாயை வெட்டித் திரும்பச் செய்தோம். ஒரு முழுச் சனிக்கிழமை போனது. எந்தக் கராஜ் ஒரு நட்டுக்கு ஒரு சனிக்கிழமையைத் தரும்?

இன்னொன்றும் சொன்னார்கள். "கலைப்பீடத்தில படிக்கிற பொம்பிளைப்பிள்ளைக்குக் காருக்குக் கீழ என்ன வேலை?" என்று. பதில் சொல்லி மினக்கெடவில்லை. கேட்டவரின் காரையும் சுரண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

நீங்கள் வீட்டில் செய்யாவிட்டாலும் கராஜில் நின்று மூன்று கேள்வி கேட்கலாம். என்ன குழாய் போடப்போறீங்கள் பாஸ்? வாயை டபிளாத்தான் அடிப்பீங்களா? குழாய் நான் வாங்கித் தந்தால் போடுவீங்களா? எங்கட ஊர் பாஸ்மாரில் பலர் மூன்றாவது கேள்விக்கு ஓம் என்றுதான் சொல்வார்கள். நல்ல சாமான் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களுக்கும் சந்தோசம். ஒருவர் என்னிடமே குழாய் எங்கே வாங்கினது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். கேள்வி கேட்டால் கோபிக்கிற பாஸிடம் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்கட சுருளில் 13 அடி மிஞ்சிக் கிடக்கிறது, கருவியும் வீட்டில் சும்மாதான் இருக்கிறது. திருகோணமலைக்குள் ஆருக்காவது பின் குழாய் மாத்த வேண்டியிருந்தால் ஒரு சனிக்கிழமை வாங்கோ. பழைய குழாயை முழுசாகக் கழட்டிக்கொண்டு வாங்கோ. நட்டோட.